கொடுக்கப்பட்ட நீரும் கொள்ளப்பட்ட நீரும்

பணம் செலுத்திப் பெறும் ஒரு பொருளை மிகுதியாகப் பயன்படுத்துதல் குற்றமாகுமா? அங்காடியில் விலை கொடுத்து இருபது முழம் துணி வாங்குபவரை எவரும் கள்வர் என்று கூறுவதில்லை. ஐந்து முழம் போதுமே என்று வேண்டுமானால் அறிவுரை கூறலாம். அவ்வாறிருக்க, குடிநீர்க் கட்டணமும் வரியும் தவறாமல் செலுத்தும் ஒருவர் தம் இல்லத்துக் குழாயில் வரும் நீரை எவ்வளவு எடுத்தால் என்ன? இவ்வினாவை நம் குடும்பங்களிலேயே, அதிலும் நன்கு படித்த இளைஞர்களிடமிருந்தே, பலமுறை கேட்டிருக்கிறோம். இது ஏளனத்திற்காகக் கேட்கப்படும் வினா அன்று, நேர்மையான வினா. ஆகவே நேர்மையாகவே விடை காண முயல வேண்டும்.

கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்கு நம் ஆசாரியர்கள் வகுத்த இலக்கணம் மிக நுட்பமானது. பிறர் பொருளைக் கவர்தல் என்று மட்டும் கூறி அவர்கள் நின்றுவிடவில்லை. கொடுக்கப்படாததைக் கொள்ளுதல் என்றனர். விலை கொடுத்தோமா என்பது அங்கே முதல் வினா அன்று. அப்பொருள் நமக்குக் கொடுக்கப்பட்டதா என்பதே முதல் வினா. நகராட்சிக் குழாய் வழியே வரும் நீரில் எவ்வளவு நமக்குக் கொடுக்கப்பட்டது? எந்த இடத்தில் அது கொடுக்கப்படாததாகிறது? இதனை அறியச் சாத்திரத்தை ஓதினால் மட்டும் போதாது. குழாயின் இயல்பையும் சிறிது கற்க வேண்டும்.

வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளிலுள்ள நம் சிற்றூர்களில் கிணற்றடியில் வளர்ந்த மூத்தோர்க்கு இவ்வினா எழுந்திருக்கவே வாய்ப்பில்லை. கிணற்றில் நீர் இறைப்போர் ஒருவரையொருவர் கண்ணால் கண்டனர். நீர்மட்டம் எந்தப் படியில் நிற்கிறது என்பது யாவர்க்கும் தெரிந்தது. ஒருத்தி பத்துக் குடம் இறைத்தால் பின்னால் நிற்பவள் முணுமுணுப்பாள். அந்த முணுமுணுப்பே போதிய காவல். மேலும் நம் பெண்டிர் நீரைத் துணியில் வடிகட்டியபின், அத்துணியில் தங்கிய சிற்றுயிர்களை மீண்டும் அதே கிணற்று நீரிலேயே அலசி விட்டனர். வேறொரு கிணற்றில் விடுதல் கூடாது என்பது வழக்கம். ஒரு கிணற்று நீரில் வாழும் உயிருக்கு அந்நீரே உரியது என்ற எண்ணத்தை இவ்வழக்கம் எத்துணை எளிதாகப் புகட்டிவிட்டது! நகரத்திற்குக் குடிபெயர்ந்த நாம் வடிகட்டும் துணியை உடன் கொண்டு வந்தோம். ஆனால் எதிரே நின்று காத்திருக்கும் அடுத்த குடத்தை அங்கேயே விட்டுவிட்டோம். குழாய் மண்ணுக்கடியில் ஓடுகிறது. நமக்குப் பின் காத்திருப்பவர் மூன்று தெருக்களுக்கு அப்பால் இருக்கிறார். அவருடைய முணுமுணுப்பு நம் செவிக்கு எட்டாது.

ஆசிரியர் பயிற்சி பெறும் மாணவியர்க்கு இதனை விளக்க நாம் பலகாலும் செய்து காட்டிய ஒரு சோதனை உண்டு. ஒரு தகர டிரம்மை முக்காலியின்மேல் வைத்து, அதன் அடியிலிருந்து நீண்ட ரப்பர்க் குழாய் ஒன்றைத் தரையோடு கொண்டு செல்ல வேண்டும். இடையிடையே ஐந்து சிறு கிளைக் குழாய்கள். ஒவ்வொன்றையும் இறுக்க ஒரு கவ்வி. ஐந்து கவ்விகளையும் சிறிதளவே தளர்த்தினால் ஐந்து குவளைகளும் ஏறத்தாழ ஒன்றுபோல் நிரம்பும். பின்னர் டிரம்முக்கு அருகிலுள்ள முதற்கிளையின் கவ்வியை முற்றிலும் எடுத்துவிட்டால், கடைசிக் குவளையில் நீர் சொட்டுச் சொட்டாக விழும். டிரம்மில் நீர் குறையவில்லை. கடைசிக் குழாயில் அடைப்பும் இல்லை. ஆயினும் நீர் வரவில்லை. மாணவியர் முகத்தில் அப்போது தோன்றும் வியப்பைக் காண்பதற்கென்றே இச்சோதனையை ஆண்டுதோறும் செய்தோம் எனலாம்.

காரணம் உராய்வு. குழாயினுள் நீர் ஓடும்போது அதன் சுவரோடு உராய்ந்து அழுத்தத்தை இழக்கிறது. இந்த இழப்பு ஓட்டத்தின் அளவோடு நேராக ஏறுவதன்று. ஓட்டம் இருமடங்கானால் அழுத்த இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. மும்மடங்கானால் ஒன்பது மடங்கை நெருங்குகிறது. தெருவின் தலைப்பில் உள்ள ஒருவர் தம் பங்கைப்போல் மும்மடங்கு நீரை ஒரே நேரத்தில் இழுக்கும்போது, அத்தெருக் குழாய் முழுவதிலும் அழுத்தம் சரிகிறது. மேட்டில் உள்ள வீட்டிற்கும் கடைக்கோடி வீட்டிற்கும் நீரை ஏற்றிச் செல்லும் வலிமை அந்தக் குழாய்க்கு இல்லாமற் போகிறது. துணிக்கடை உவமை இங்கேதான் பொருந்தாமற் போகிறது. ஒருவர் இருபது முழம் வாங்கினால் அடுத்தவர் வாங்கும் துணி நைந்து போவதில்லை. குழாய் நீரிலோ, ஒருவர் கொள்ளும் அளவும் விரைவும் மற்றவர் பெறும் பொருளின் தன்மையையே மாற்றிவிடுகின்றன.

விரைவு என்று கூறியதைச் சற்று விளக்க வேண்டும். கழிவுநீர்க் குழாய் வசதியுள்ள நகரங்களில் ஆள் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டுப் பொறியாளர்கள் பன்னெடுங்காலமாகக் கைக்கொண்ட அளவு. 2 லட்சம் மக்களுக்கு மேற்பட்ட ஊரில், உச்ச வேளையில் சராசரியைப்போல் இரண்டு மடங்கு நீர் இழுக்கப்படும் எனக் கொண்டு குழாய்களின் பருமனைக் கணித்தனர். அதாவது, காலையில் யாவரும் ஒருசேரக் குழாயைத் திறப்பர் என்பது கணக்கில் உண்டு. ஒரு சிலர் மட்டும் பன்மடங்கு இழுப்பர் என்பது கணக்கில் இல்லை. ஆயிரம் லிட்டரை இரவு முழுவதும் மெல்ல வாங்கும் தொட்டியும், அதே ஆயிரம் லிட்டரைக் காலை 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையே விழுங்கும் தொட்டியும் கட்டண ஏட்டில் ஒன்றே, தெருவிற்கு ஒன்றல்ல.

நம் நகரங்களில் நாள் முழுவதும் நீர் வருவதும் இல்லை. குறித்த சில மணி நேரமே வால்வைத் திறந்து விடுகின்றனர். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் தரைக்கடியில் ஒரு சம்ப் தொட்டி. அதனை நாம் குறை கூறவில்லை. இல்லாவிடில் பிழைக்க இயலாது. ஆனால் தலைப்பிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் 50,000 லிட்டர்த் தொட்டியும், திருமண மண்டபத்தின் தொட்டியும், உணவு விடுதியின் தொட்டியும் வாய் திறந்து காத்திருக்கும்போது, கடைக்கோடியில் ஒரு குடத்தோடு நிற்பவளுக்கு அந்தச் சில மணி நேரம் என்பது வெறும் ஏட்டளவே.

இதனினும் கொடியது, தெருக் குழாயில் நேராக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுதல். சென்னையில் இது தடை செய்யப்பட்டது. குடிநீர் வாரியத்தார் அவ்வப்போது மோட்டார்களைப் பறிமுதல் செய்வதும் உண்டு. எனினும் கோடை வந்தால் இவ்வழக்கம் தலைதூக்குகிறது. வாரியக் குழாயோடு அடிகுழாயை இணைத்து, மூதாட்டியர் மூச்சிரைக்க அடித்து நீர் எடுக்கும் தெருக்கள் பல உள. அதே தெருவில் ஒரு வீட்டு மோட்டார் ஓடத் தொடங்கியதும் அடிகுழாயின் கைப்பிடி வெறுமனே ஏறி இறங்கும். அம்மட்டோடு நின்றால் அதனைக் களவு என்று கூறி முடித்துவிடலாம். ஆனால் மோட்டார் உறிஞ்சும்போது குழாயினுள் அழுத்தம் வெளியழுத்தத்திற்கும் கீழே இறங்குகிறது. பழங்குழாய்களின் விரிசல்கள் வழியே, அருகில் ஓடும் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. அடுத்த வீட்டுக் குழந்தை வாந்தியும் பேதியுமாகப் படுக்கிறது. மோட்டாரை இயக்கியவர் தம் வீட்டில் கொதிக்க வைத்து ஆறிய நீரையே பருகும் ஆசாரசீலராகவும் இருக்கக்கூடும்!

கள்ளாமை விரதத்திற்கு நம் நூல்கள் கூறும் ஐந்து அதிசாரங்களில் இரண்டு இங்கு நினைவிற்கு வருகின்றன. ஒன்று, அரசு விதியை மீறிப் பொருள் கொள்ளுதல். மற்றொன்று, கொள்வதற்கு ஓர் அளவும் கொடுப்பதற்கு ஓர் அளவும் வைத்தல். வணிகர்க்கு உரைத்தவை என்று இவற்றை நாம் கடந்துவிடுகிறோம். மோட்டார் பொருத்திய குழாய் ஒரு பொய்யளவை அன்றி வேறென்ன? அளவையோடு நில்லாமல் அது உயிரையும் வருத்துகிறது என்பதால், கொல்லாமையின் எல்லைக்குள்ளும் இப்பொருள் வந்துவிடுகிறது.

சென்னை மாநகரின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1872ஆம் ஆண்டில் செங்குன்றம் ஏரியிலிருந்து நகருக்கு நீர் கொணரப்பட்டது. 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வந்தது. பின்னர்ப் பூண்டி, 1996இல் கிருஷ்ணா நதி நீர், 2004இல் 235 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வீராணம், 2010இலும் 2013இலும் 2024இலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள். தேவை பெருகுந்தோறும் இன்னும் தொலைவான ஓரிடத்தைத் தேடிச் சென்றோம். வீராணம் சோழமண்டல உழவரின் ஏரி என்பதை நகரத்தார் பலர் அறியார். இத்தனை செய்தும் 2019ஆம் ஆண்டு கோடையில் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய முழுவதும் வறண்டன. நாள்தோறும் 83 கோடி லிட்டர் வழங்கிய வாரியம் அதனை 52.5 கோடி லிட்டராகக் குறைத்தது. அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீர் வில்லிவாக்கம் வந்தடைந்தது. நாடே அதனைக் கண்டு வியந்தது. ஆள் ஒருவர்க்கு 135 லிட்டர் என்று வகுத்துப் பார்த்தால், அத்துணை நீளமான இரயில் 18,500 பேரின் ஒருநாள் தேவைக்குத்தான் போதும். கணக்கு நோட்டில் இதனைப் போட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு நீரின் எடை என்னவென்று விளங்கும்.

வழங்கல் குறையும்போது யாவர்க்கும் ஒரே விழுக்காடு குறைவதில்லை என்பதே நாம் கூற விழைவது. அழுத்தம் குன்றிய குழாயில் தலைப்பு வீடுகள் முதலில் நிரம்பும்; வசதியுடையோர் தனியார் லாரியை அழைப்பர்; மிச்சம் அனைத்தும் பிளாஸ்டிக் குடங்களின் வரிசைக்குப் போய்ச் சேரும்.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் மாநகரில் 2018ஆம் ஆண்டு குழாய்களை முற்றிலும் மூடும் நாள் குறிக்கப்பட்டது. பிப்ரவரி முதல் நாளிலிருந்து ஆள் ஒருவர்க்கு 50 லிட்டர் என வரம்பிட்டனர். மக்கள் பெரிதும் முயன்று குறைத்தனர், மழையும் வந்தது, அந்நாள் வரவில்லை. பின்னர் 2023இல் வெளியான ஓர் ஆய்வு, அந்நகர மக்களில் 100க்கு 14 பேருக்கும் குறைவான செல்வக் குடும்பத்தார் நகரின் நீரில் பாதிக்குச் சற்று மேலாகவும், 100க்கு 62 பேரளவில் உள்ள ஏழை எளியோர் 27 விழுக்காடே பயன்படுத்துவதாகவும் கணக்கிட்டது. நீச்சல் குளமும் புல்வெளியும் செய்த வேலை இது. பற்றாக்குறைக்கு மக்கட்பெருக்கமே காரணம் என்று நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். அங்கே பெருகியிருந்தது வேறொன்று.

அந்நகரின் கதையில் இன்னொரு பகுதியும் சிந்தனைக்குரியது. மிகுதியாகச் செலவிட்டோரே மிகுதியாகக் கட்டணமும் செலுத்தி வந்தனர். ஏழைகளுக்கு மலிவாக நீர் வழங்க அப்பணமே துணை செய்தது. பஞ்சத்தில் அவர்கள் சொந்த ஆழ்குழாய்க் கிணறுகளைத் தோண்டிக்கொண்டு நகராட்சி நீரை விட்டு விலகத் தொடங்கியதும் வருவாய் சரிந்தது. குழாய்களையும் நிலையங்களையும் காக்கும் செலவோ சரியவில்லை. ஆகவே 2018 ஜூலை முதல், எடுத்த நீருக்கன்றி, மீட்டரின் பருமனுக்கும் ஒரு நிலைக்கட்டணம் விதித்தனர். பெரிய இணைப்பை வைத்திருப்பவர் நீர் எடுக்காத மாதத்திலும், அவருக்காக நகரம் பேணும் வசதிக்கு விலை தர வேண்டும். இதனைப் பலர் வெறுத்தனர். நம் கருத்தில் அதில் நீதி உண்டு. எப்போது வேண்டுமாயினும் வருவேன், எனக்கென இலை போட்டு வை என்று கூறுபவர் அவ்விலைக்கும் பொறுப்பேற்கத்தான் வேண்டும்.

ஆதலால், “நாங்கள் வாரிய நீரையே தொடுவதில்லை, எங்கள் நிலத்தில் எங்கள் ஆழ்குழாய்” என்பதும் முழு விடையாகாது. மீஞ்சூர்ப் பகுதியில் பன்னெடுங்காலம் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உட்புகுந்தது. சென்னைப் பெருநகரப் பகுதிக்கென 1987இல் நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்ற நேர்ந்ததும் இத்தகைய நிலையில்தான். மண்ணுக்கு வேலி போடலாம். மண்ணுக்கடியில் ஓடும் நீருக்கு எவர் வேலி போட்டார்?

பெருந்தொழிற்சாலைகளைப் பற்றியும் ஒரு சொல். யாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பழித்தல் தகாது. மணலியில் உள்ள சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990களின் தொடக்கத்திலிருந்தே நகரக் கழிவுநீரை வாங்கித் தூய்மை செய்து பயன்படுத்தின. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரைத் தூய்மை செய்து தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் தொடங்கப்பட்டன. கொதிகலனுக்கும் குளிர்விப்பானுக்கும் குடிநீர்தான் வேண்டும் என்பதில்லை. நம் வீட்டுக் கார் கழுவுவதற்கும் அவ்வாறே.

பள்ளிகளில் பல் துலக்கும்போது குழாயை மூடு என்று கற்பிக்கிறோம். நாமும் கற்பித்தோம், அது நற்பழக்கமே. ஆனால் சுவரொட்டிகளும் வாசகங்களும் பெரும்பாலும் இரண்டு வாளி நீரில் நாளைக் கழிக்கும் வீட்டுப் பிள்ளைகளை நோக்கியே பேசுகின்றன. குறைக்க ஒன்றுமில்லாதவரிடம் குறைக்கச் சொல்வது எவ்வகை அறம்? குளியலறைதோறும் பூமழைக் குழாயும், கூரையில் நிரம்பி வழியும் தொட்டியும் உடைய இல்லங்களில் அச்சுவரொட்டி ஒட்டப்படுவதில்லை.

இல்லறத்தார்க்குப் போகோபபோக பரிமாணம் என்றொரு விரதம் விதிக்கப்பட்டுள்ளது. நுகர்வனவற்றிற்கு முன்னரே அளவு வகுத்துக்கொள்ளுதல் அதன் பொருள். பயனின்றி மண்ணை அகழ்தலும் நீரைச் சிந்துதலும் அனர்த்த தண்டம் என்று தனியே விலக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு துளியும் நீருடல் உயிர்களால் ஆனது என்று நம்புவோர்க்கு இவை புதியன அல்ல. இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. அளவு வகுக்க அளவுகோல் வேண்டுமே! சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்கு இன்றும் மீட்டர் இல்லை. எவ்வளவு எடுத்தாலும் ஒரே கட்டணம். அடுக்குமாடிகளில் மொத்தச் செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிட்டுவிடுகின்றனர். இரவில் உண்ணுவதில்லை என்று விரதம் ஏற்பவர் கதிரவனைப் பார்த்து வேளையை அறியலாம். நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று விரதம் ஏற்பவர் எதனைப் பார்ப்பார்? மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவு தெரியும். நாளைக்கு எத்தனை முறை மோட்டார் போடுகிறோம் என்று ஒரு வாரம் குறித்து, தலைக்கு வகுத்துப் பார்க்கலாம். வேளையையும் குறித்துக்கொள்வது நன்று. நாம் அறிந்த சில இல்லங்களில் இதனைச் செய்து பார்த்தவர்கள் 135 என்ற எண்ணை எதிர்பார்த்து, அதனினும் இருமடங்கைக் கண்டு திகைத்தனர். தரை கழுவுதலும் துணி துவைக்கும் இயந்திரமும் கணக்கில் முன்னால் நின்றன.

மீட்டர் வந்துவிட்டால் யாவும் சரியாகிவிடும் என்று நாம் கருதவில்லை. 2015இல் தில்லியில் மாதம் 20,000 லிட்டர் வரை கட்டணமில்லை, அதற்குமேல் சென்றால் முழுவதற்கும் கட்டணம் என்று அறிவித்தனர். நால்வர் உள்ள வீட்டில் இது ஆளுக்கு நாளொன்றுக்கு 166 லிட்டர். பதின்மர் வாழும் கூட்டுக்குடும்பத்தில் 66 லிட்டர்தான். ஆளுக்கு 70 லிட்டரில் சிக்கனமாக வாழும் அப்பதின்மர் மிகுநுகர்வோர் பட்டியலில் சேர்வர். தாராளமாகச் செலவிடும் நால்வர் சேரமாட்டார். நம் நகரங்களில் ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு குடும்பங்கள் வாழ்ந்து, ஒரே இணைப்பில் நீர் எடுக்கும் வீடுகள் இன்னும் உள. மீட்டர் அவர்களைத்தான் முதலில் குற்றம் சாட்டும். ஆகவே இணைப்பை எண்ணுவதற்கு முன் அதில் நீர் பருகுவோரை எண்ண வேண்டும். அதற்கெனப் புதிய கணக்கெடுப்பு எதுவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு குடும்ப அட்டையிலும் அந்த எண் ஏற்கெனவே அச்சிடப்பட்டிருக்கிறது.